வீட்டு வேலைகளை ஆப்பில் போடும்போது எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேள்வி இதுதான்: வீட்டில் திரும்பத் திரும்ப வரும் வேலைகளை எல்லாம் டு-டூ ஆப்பில் ரிப்பீட் போட்டு வைத்தாயிற்று. ஒரு மாதத்துக்குள் பாதிக்கு மேல் தேதி தாண்டிச் சிவப்பாக நிற்கின்றன. டிக் அடித்தால் அடுத்த தேதி கண்டபடி வருகிறது. ஆப்பைத் திறக்கவே மனம் வரவில்லை. எப்படிச் சரிசெய்வது?

பெரும்பாலும் இதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, ஆப்பும் இல்லை. ஒவ்வொரு வேலையிலும் அடுத்த தேதியை எதிலிருந்து எண்ணுவது என்று தீர்மானிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி போட்டு வைப்பதுதான். காலண்டரிலிருந்து எண்ண வேண்டிய வேலை ஒரு வகை. கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டியது இன்னொரு வகை. இந்த இரண்டையும் பிரித்துப் போட்டாலே சிவப்பில் நிற்பதில் பாதி மறைந்துவிடும்.

மின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். உங்கள் தெருவுக்கு ஜூன் 5 ரீடிங் என்றால் கெடு ஜூன் 25-ஐ ஒட்டி வரும். நீங்கள் ஜூன் 22-இல் கட்டி டிக் அடிக்கிறீர்கள். ஆப் "செய்த நாளிலிருந்து இரண்டு மாதம்" என்று எண்ணினால் அடுத்த நினைவூட்டல் ஆகஸ்ட் 22. ரீடிங்கோ ஆகஸ்ட் 5-ஐ ஒட்டியே நடந்திருக்கும். வேலை மும்முரத்தில் நாலைந்து நாள் தள்ளிப்போனால் கெடு போச்சு, ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்துவிடுவார். இப்படிப்பட்ட வேலையைக் காலண்டரோடு கட்டிப்போட வேண்டும்: ரீடிங் எடுக்கும் நாளுக்கு ஐந்து நாள் கழித்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் முன்னே கட்டினாலும் பின்னே கட்டினாலும் அசையாமல்.

ஆர்.ஓ. மெஷினுக்கு வெளியே மாட்டியிருக்கும் ஸ்பன் ஃபில்டர் இதற்கு நேர் எதிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக வைத்துக்கொண்டு ஜனவரி 1, ஜூலை 1 என்று போட்டிருக்கிறீர்கள். ஜனவரியில் மாற்ற முடியாமல் மார்ச் 20-இல்தான் மாற்றினீர்கள். ஆப் ஜூலை 1-இல் மறுபடி கேட்கும். மூன்றே கால் மாதம் ஓடிய, இன்னும் நன்றாக இருக்கிற ஃபில்டரைக் கழற்றி எறியச் சொல்கிறது என்று அர்த்தம். நீங்கள் எறிய மாட்டீர்கள். "இது சும்மா சொல்லுது" என்று தள்ளிவிடுவீர்கள். ஆப் சொல்வதை ஒருமுறை நியாயமான காரணத்துக்காக அலட்சியப்படுத்தியபின், நியாயமில்லாமலும் அலட்சியப்படுத்தும் பழக்கம் வந்துவிடும். தேய்மானம், அழுக்கு, வற்றுதல் சம்பந்தப்பட்ட எதையும் செய்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்: மெத்தை உறை, ஃபேன் இறக்கை, சிம்னி வலை, வாஷிங் மெஷின் டிரம், இன்வெர்ட்டர் பேட்டரித் தண்ணீர், சம்ப் கழுவுவது.

ஆப்பில் இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன? டிக்டிக் என்ற ஆப்பில் ரிப்பீட் அமைப்புக்குள் கெடு தேதியிலிருந்தா, முடித்த தேதியிலிருந்தா என்று கேட்கும். ஆண்ட்ராய்டில் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கும் டாஸ்க்ஸ்.ஆர்க் ஆப்பிலும் அதே தேர்வு உண்டு. டூடூயிஸ்டில் தேதியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது "எவ்ரி" என்ற சொல்லோடு நிறுத்தினால் காலண்டர் கணக்கு. அந்தச் சொல்லை ஒட்டி இடைவெளி விடாமல் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் செய்த நாள் கணக்கு. வேலையின் பெயரைத் தமிழில் எழுதலாம், ஆனால் தேதிப் பகுதி அதற்குத் தமிழில் புரியாது. கூகுள் டாஸ்க்ஸிலும் மைக்ரோசாஃப்ட் டூ டூவிலும் இரண்டாவது வகை கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் தேய்மான வேலைகளுக்கு ரிப்பீட் போடவே வேண்டாம். தேதி மட்டும் போடுங்கள். முடித்ததும் டிக் அடிக்காமல் தேதியை அன்றிலிருந்து ஆறு மாதம் தள்ளி மாற்றிவிடுங்கள். கொஞ்சம் கைவேலைதான், ஆனால் கணக்கு சரியாக இருக்கும்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது, இதை யாரும் தனியாக யோசிப்பதில்லை: தேதி காகிதத்திலேயே அச்சாகி வரும் வேலைகள். வண்டி இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். இவற்றுக்கு எந்த ரிப்பீட்டும் வேண்டாம். புதுப்பித்த அன்று புதுக் காகிதத்தைப் பார்த்து, அதிலிருக்கும் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகக் கையால் போடுங்கள். புதிதாக வாங்கிய டூவீலரில் இது இன்னும் முக்கியம். 2018 செப்டம்பருக்குப் பிறகு புது டூவீலருக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி (நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கானது) ஐந்து வருடத்துக்கும், காருக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்தே எடுக்கிறார்கள். ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஒரே காகிதத்தில் இரண்டு முடிவுத் தேதி இருக்கும். பெரிய தேதியை மட்டும் ஆப்பில் போட்டவர்கள் வண்டி இடித்த பிறகுதான் சின்னத் தேதியைக் கவனிக்கிறார்கள்.

காலண்டர் வகையில் சில கணக்குப் பிசகுகள் உண்டு. 31-ஆம் தேதியில் மாதாந்திர வேலை எதையும் போடாதீர்கள். பல காலண்டர்களுக்கு அடிப்படையான ஐகேலண்டர் விதிப்படி, இல்லாத தேதி வந்தால் அந்த மாதத்தையே விட்டுவிட வேண்டும். 31 போட்டால் வருடத்தில் ஏழு மாதம்தான் வரும். வேறு சில ஆப்புகள் பிப்ரவரியில் 28-க்கு இழுத்து, பிறகு 28-லேயே தங்கிவிடும். மாதக் கடைசி வேண்டுமென்றால் "மாதத்தின் கடைசி நாள்" என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 28.

"மாதம் இரண்டு முறை" என்பதும் "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்பதும் ஒன்றல்ல. முதலாவது வருடத்துக்கு 24, இரண்டாவது 26. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் வகை 1, 15 என்று விழும்போது கிழமை மாறிக்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகிறவர் வீட்டில் புதன்கிழமை 15-ஆம் தேதி ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைக்க முடியாது. வீட்டு வேலைக்குத் தேதியைவிடக் கிழமைதான் ஒத்துவரும். "மூன்றாவது சனி", "நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறு" என்று போடுங்கள். செவ்வாய், வெள்ளியில் ஒட்டடை அடிக்கக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கும் வீடென்றால், அந்தக் கட்டுப்பாட்டையும் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விழும் ஒட்டடை வேலை எத்தனை முறை வந்தாலும் நடக்காது.

அமாவாசை, ஏகாதசி, பிரதோஷம், கிருத்திகை ஆகியவற்றை எந்த ஆப்பின் சாதாரண ரிப்பீட்டாலும் பிடிக்க முடியாது. அமாவாசைக்கு அமாவாசை சராசரி 29.53 நாள். "30 நாளுக்கு ஒருமுறை" என்று போட்டால் மாதம் அரை நாள் வீதம் விலகி, வருடக் கடைசியில் கிட்டத்தட்ட ஆறு நாள் பின்னால் நிற்கும். தமிழ் மாதப் பிறப்பும் அப்படித்தான். மாதங்கள் 29-இலிருந்து 32 நாள் வரை இருப்பதால் இடைவெளி கொடுத்துப் பிடிக்க முடியாது. புது நாட்காட்டி வந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த வருடத்து அமாவாசைகளைத் தனித்தனி தேதியாக ஒரே மூச்சில் போட்டுவிடுவதுதான் சரி. முதல் நாளே செய்ய வேண்டிய வேலை, உதாரணமாகப் பூஜைச் சாமான் துலக்குவது, இருந்தால் நாட்காட்டித் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகப் போடுங்கள்.

பருவத்தோடு வரும் வேலைகளுக்கு வேறு உத்தி. ஏ.சி. ஃபில்டரை மார்ச் முதல் ஜூன் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். டிசம்பரில் அதே வேகத்தில் நினைவூட்டினால் எரிச்சல்தான். முடிவுத் தேதியோடு ரிப்பீட் போடலாம், ஆனால் ஜூன் 30-க்குப் பிறகு அந்த வேலை பட்டியலிலிருந்தே போய்விடும், அடுத்த வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் பிப்ரவரி 20 அன்று வருடாந்திர வேலை ஒன்று தனியாக இருக்கட்டும்: "ஏ.சி. சர்வீசுக்குச் சொல்லு, ஃபில்டர் வேலையை ஜூன் வரை போடு." மொட்டைமாடி மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைச் சருகை எடுப்பது வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசி வாரத்தில், கண்டிப்பாகக் காலண்டர் கணக்கு. போன வருடம் நவம்பரில் செய்தோம் என்பதற்காக இந்த வருடமும் நவம்பருக்குப் போகக் கூடாது. சொத்து வரியும் அப்படித்தான்: அரையாண்டு ஏப்ரல் 1, அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, சென்னையில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். ஏப்ரல் 10, அக்டோபர் 10 என்று போட்டால் போதும்.

வாரத்துக்கு ஒருமுறை என்று போடும் வேலைகளில் தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு: தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி முடியவே முடியாது. ஒரு ஞாயிறு தவறினால் இடைவெளி 14 நாள், ஒரு தலைமுறை பறந்துவிடும். இதற்கு மட்டும் கிழமையை நிலையாக வைத்து, நேரத்தோடு அலாரமும் போடுங்கள். குறிப்பில் இடங்களை எழுதுங்கள்: பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் பழைய டயர், மூடி இல்லாத டிரம். ஃப்ரிட்ஜ் தட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சும்மா தண்ணீரைக் கொட்டினால் போதாது, முட்டை பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்கும். நார் வைத்துத் தேய்க்க வேண்டும்.

குறிப்புப் பகுதியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வேலை நடக்குமா நடக்காதா என்பது அதில்தான் இருக்கிறது. "பேட்டரி" என்று ஒரு சொல் எழுதி வைத்தால் அன்றைக்கு அது வேலையாகவே தெரியாது. இப்படி எழுதுங்கள்: "இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் பார்த்து ஊற்று." கீழே குறிப்பு: "டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. 6 மூடி. மிதவையின் மேல் கோட்டைத் தாண்டாதே. முழுசா சார்ஜ் ஆன பிறகு ஊற்று, சார்ஜ் ஆகும்போது மட்டம் ஏறும். விளக்கு, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். 5 லிட்டர் கேன் பரணில், புனலும் அங்கேயே." நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறு யாராவது இதைப் படித்துச் செய்துவிட முடிகிறதா என்பதுதான் அளவுகோல். இடைவெளி இரண்டு மாதம், செய்த நாளிலிருந்து. கோடையில் கரண்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் ஒரு மாதம்.

ஸ்பன் ஃபில்டருக்கும் அப்படியே: "10 இஞ்ச், 5 மைக்ரான். முதலில் குழாய் வால்வை மூடு. கழற்றும் சாவி சிங்குக்குக் கீழே. ஓ-ரிங் கீழே விழும், பார்த்து எடு." புது ஃபில்டர் கையில் இல்லாத நாளில் வேலை வந்து நின்றால் தள்ளித்தான் போடுவீர்கள். அதனால் பொருள் வாங்குவதைத் தனி வேலையாகப் போட வேண்டாம், ஒன்று வாங்கும்போது இரண்டாக வாங்கி, மாற்றிய அன்றே அடுத்ததை மளிகைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஆப்பில் போடுவது பெரிய தவறு. பாத்திரம் துலக்குவது, கோலம், குப்பை வெளியே வைப்பது போன்ற அன்றாட வேலைகளைப் போடவே வேண்டாம். கண்ணில் படும் வேலைக்கு நினைவூட்டல் தேவையில்லை. பட்டியலில் அவை இருந்தால் முக்கியமானது அவற்றுக்கு நடுவில் புதைந்துபோகும். கேஸ் சிலிண்டரும் நாள் கணக்கில் வருவதல்ல. இரட்டை சிலிண்டர் வீட்டில் அடுத்ததை மாட்டிய கையோடு புக் செய்துவிட்டால் ஆப் வேண்டியதில்லை. ஒற்றை சிலிண்டர் வீட்டில் 14.2 கிலோ உங்களுக்குச் சராசரி எத்தனை நாள் வருகிறது என்று இரண்டு மூன்று முறை குறித்துப் பாருங்கள். 45 நாள் என்றால் 36-ஆம் நாள் நினைவூட்டல், மாட்டிய நாளிலிருந்து எண்ணி. விருந்தாளிகள் வந்த மாதம் தவிர இது பிசகாது. அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். ஐந்து வருட ரிப்பீட்டை நம்பாதீர்கள், அதற்குள் போனும் மாறும் ஆப்பும் மாறும். டியூபிலேயே வருடம் அச்சிட்டிருக்கும். ஆப்பில் "டியூப் வருடம் பார், வெடிப்பு பார்" என்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

முதல் நாளே நாற்பது வேலை போடாதீர்கள். வீட்டை ஒருமுறை சுற்றி வந்து, மறந்தால் பணமோ உடம்போ பொருளோ கெடும் வேலைகள் எவை என்று பார்த்தால் பன்னிரண்டு, பதினைந்து தேறும். அவற்றோடு தொடங்குங்கள். மற்றவை "அட, இதைச் செய்து எவ்வளவு நாளாச்சு" என்று தோன்றும் அன்று ஒவ்வொன்றாகச் சேரட்டும். தொடக்கத் தேதிகளைப் பரப்பிப் போடுவது முக்கியம். உட்கார்ந்த அன்றே எல்லாவற்றுக்கும் அன்றைய தேதியைக் கொடுத்தால் மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். ஒரு வார இறுதிக்குப் பெரிய வேலை ஒன்று, சின்னது இரண்டு. அதற்கு மேல் வந்தால் தொடக்கத் தேதியை ஒரு வாரம் தள்ளுங்கள். இடைவெளியை முதலில் கொஞ்சம் நீளமாகவே வைத்துப் பாருங்கள். சிம்னி வலையை இரண்டு மாதத்தில் கழற்றும்போது பிசுக்கு சொட்டினால் ஆறு வாரமாக்குங்கள். சுத்தமாகவே இருந்தால் மூன்று மாதம்.

செய்யாத வேலைக்கு டிக் அடிப்பதுதான் இந்த முறையை அடியோடு கெடுக்கும். சிவப்பைப் பார்க்கச் சகிக்காமல் டிக் அடித்தால், செய்த நாள் கணக்கில் இருக்கும் வேலை இன்னும் ஆறு மாதத்துக்குத் தலைகாட்டாது. ஊருக்குப் போய்த் திரும்பினால் தேய்மான வேலைகளின் தேதியை மட்டும் வரும் நாளுக்குத் தள்ளுங்கள், காலண்டர் வேலைகளில் காலம் கடந்ததைத் தாண்டி விடுங்கள். டூடூயிஸ்டில் தள்ளும்போது ஒரு கவனம்: தேதிப் பெட்டியில் "நாளை" என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் பழைய ரிப்பீட்டே அழிந்து, நாளை ஒருநாள் மட்டும் வந்து போய்விடும். காலண்டர் கட்டத்தில் நாளைத் தொட்டுத் தள்ளினால் ரிப்பீட் அப்படியே இருக்கும். "இந்த வேலை எப்படிக் காணாமல் போனது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

கணவன் மனைவி முறை வைத்துச் செய்கிற வேலை, உதாரணமாகச் சனிக்கிழமை பாத்ரூம் கழுவுவது, ஒரே வேலையாக இருந்தால் "இது உங்க முறைதானே" என்று சச்சரவாகும். இரண்டு வேலையாகப் போடுங்கள்: இரண்டும் "இரண்டு வாரத்துக்கு ஒரு சனி", ஒன்று இந்த வாரம் தொடங்கட்டும், மற்றது அடுத்த வாரம். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர். இங்கே செய்த நாள் கணக்கு ஆகாது. ஒருவர் ஒரு வாரம் பிந்தினால் இரண்டும் ஒரே சனியில் வந்து மோதும். கூகுள் டாஸ்க்ஸில் சொந்தப் பட்டியலை இன்னொருவரோடு பகிர வழியில்லை என்பதால், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் வீட்டுக்கு அது சரிப்படாது. வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்ல வேண்டியவை இருந்தால், அவர் வரும் நாளுக்கு முந்தைய இரவில் உங்களுக்கு நினைவூட்டல் வருமாறு போடுங்கள். அவர் போனபின் வந்து பயனில்லை.

அலாரம் வரவேயில்லை என்றால் ஆப்பைக் குறை சொல்லும் முன் போனைப் பாருங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் பேட்டரி மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணியில் இருக்கும் ஆப்புகளை மூடிவிடுவார்கள். அமைப்புகளில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதியில் "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றுங்கள், ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் அனுமதியுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் ஆப்புக்குச் சரியான நிமிடத்தில் அலாரம் அடிக்கும் அனுமதி தானாகக் கிடைக்காமல் போகலாம். "அலாரங்களும் நினைவூட்டல்களும்" என்ற சிறப்பு அனுமதியைத் தேடித் திறந்து விடுங்கள். நேரம் குறித்த அலாரம் நேரத்தோடு நடந்தே ஆக வேண்டிய வேலைக்கு மட்டும் போதும்: ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்கு வரும் குழாய்த் தண்ணீருக்கு மோட்டார் போடுவது போல. மற்றவற்றுக்கு நாள் மட்டும் கொடுத்து, காலையில் காபி குடிக்கும் நேரத்தில் பட்டியலை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆப்பிலிருந்து பட்டியலை ஃபைலாக வெளியே எடுத்து வைக்கும் வேலையையும் அதே ஆப்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டு வையுங்கள். அஸ்ட்ரிட் என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த டு-டூ ஆப்பை 2013-இல் யாஹூ வாங்கி, சில மாதங்களிலேயே மூடியது. மேலே சொன்ன டாஸ்க்ஸ்.ஆர்க், அதன் ஓப்பன் சோர்ஸ் நிரலிலிருந்து வளர்ந்ததுதான்.